லேபர் ரூம் வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறைப் பெரியாஸ்பத்திரி என்று எங்கே போனாலும் லேபர் ரூம் வாசலில் கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: "எங்களுக்குப் பிறகு வந்த ஆளை முதல்ல உள்ள எடுத்திட்டாங்களே!" அங்கே வரிசை வந்த நேரத்தைப் பார்ப்பதில்லை, ஆபத்தைப் பார்க்கிறது. இரத்தப்போக்கோடு ஒருவர் வந்தாலோ, ஒருவருக்கு வலிப்பு வந்தாலோ, வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கினாலோ மற்ற வேலையெல்லாம் அப்படியே நிற்கும். உங்கள் மகளைக் காக்க வைத்திருக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அவவும் பிள்ளையும் நல்லாயிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

ஆனால் ஆபத்து இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இரவு கடமையில் நிற்கும் மிஸ் (தாதி) உங்களை முன்பின் கண்டவர் அல்ல. அவர் கையில் இருப்பது கர்ப்பவதிப் பதிவேடும் நீங்கள் சொல்லும் நாலு வசனமும்தான். நோ (பிரசவ வலி) எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை நிமிடத்துக்கு ஒருக்கா வருகிறது? தண்ணீர்க்குடம் உடைந்ததா, எப்போது, என்ன நிறம்? இரத்தம் பட்டதா? பிள்ளை கடைசியாக எப்போது அசைந்தது? இவற்றோடு முன்பு சீசர் (சிசேரியன்) செய்திருந்தால் அது, ஒவ்வாத மருந்தின் பெயர், இன்சுலின் போடுகிறவர் என்றால் கடைசியாகப் போட்ட நேரமும் அளவும், கடைசியாகச் சாப்பிட்ட நேரம். சாப்பிட்ட நேரத்தை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். திடீரென்று சீசர் செய்யவேண்டி வந்தால் மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். வயிறு நிறைந்திருந்தால் சாப்பாடு மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். இதையெல்லாம் ஒரு துண்டில் எழுதிப் பதிவேட்டுக்குள் வைத்துவிடுங்கள். நோவோடு நிற்கும் பெண் இவ்வளவையும் ஞாபகமாகச் சொல்லமாட்டா.

நோவைக் கணக்கெடுக்கும்போது ஒரு நோ தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்த நோ தொடங்கும் நேரம்வரை பாருங்கள். முதல் பிள்ளையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா, ஒவ்வொன்றும் ஒரு நிமிடமளவு, ஒரு மணித்தியாலம் விடாமல் வந்தால் புறப்படலாம். இரண்டாம் பிள்ளை, முன்பு சீசர், தூரப் பயணம் என்றால் அவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டாம்.

தண்ணீர்க்குடம் உடைந்தால் நோ இல்லாவிட்டாலும் போகவேண்டும். நேரம் போகப்போகக் கிருமி உள்ளே ஏறும். ஒரு பேட் வைத்து, நனைந்ததை எறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். தெளிந்த தண்ணீர் பயமில்லை. பச்சை அல்லது மண்ணிறம் என்றால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, வாசலிலேயே அதைச் சொல்லுங்கள். தொப்புள்கொடி வெளியே வந்ததுபோல் தெரிந்தால் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது. முழங்காலிலும் நெஞ்சிலும் ஊன்றி, இடுப்பை உயர்த்திக் குப்புறக் கிடந்தபடி 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். அது இலவசம். வேலியடியில் நிற்கும் ஓட்டோவில் இருத்திக் கொண்டுபோனால் பிள்ளையின் தலை கொடியை அமத்தும்.

தாங்காத தலையிடி, கண் மங்கல், நெஞ்சாங்குழியில் நோ. இந்த மூன்றையும் "வாய்வு" என்று ஓமத்தண்ணி கொடுத்து வீட்டில் வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய பயம். இவை பிரஷர் ஏறி வலிப்பு வரப்போவதன் அறிகுறியாக இருக்கலாம். பிரஷர் 140/90க்குப் போனாலே கவனிக்கவேண்டும், 160/110 என்பது அவசரம். வலிப்பு வந்தபிறகு ஓடுவதைவிட வருமுன் ஓடுவது எவ்வளவோ இலகு.

இனி எங்கள் மட்டக்களப்புப் பக்கத்துக்கே உரிய சங்கடம். நவம்பர் தொடக்கம் ஜனவரிவரை மழை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பல பாதைகள் தண்ணீருக்குள் போகும். கிரான் பாலத்தடி மூடினால் புலிபாய்ந்தகல் பக்கத்து ஊர்கள் துண்டாகிவிடும். குருமண்வெளி – மண்டூர் ஓடத்தையும் நம்பமுடியாது. மண்முனைப் பாலம் 2014இல் வந்தபிறகு சில ஊர்களுக்கு நிம்மதி, எல்லாருக்கும் அல்ல. இந்த மாதங்களில் பேறு என்றால் 37 வாரத்துக்கு முன்னரே வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. அப்படி வீடு இல்லையென்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். முன்கூட்டி அட்மிற் பண்ணுவது பற்றி முடிவெடுக்க அவர்களுக்கும் நேரம் வேண்டும்.

அம்பாறை ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் மொழி இடிக்கும், அங்கே சிங்களம்தான். "லே யனவா" (இரத்தம் போகிறது), "வத்துர கியா" (தண்ணீர் போயிட்டு), "பபா ஹெலவென்னே நே" (பிள்ளை அசையவில்லை). இந்த மூன்றும் வாயில் இருந்தால் போதும்.

பையில் முன்பக்கம் திறக்கும் ஹவுஸ்கோட் இரண்டு மூன்று, பேட், செருப்பு, கோப்பை, பிளாஸ்க், பிள்ளைக்குப் பழைய பருத்தித்துணி ஒரு டசின், தொப்பி. போத்தலும் பால்மாவும் வேண்டாம், வாட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். நகைகளை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். விரல் வீங்கினால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்கவேண்டும். ஒப்பரேஷன் தியேட்டரில் மின்கருவி பாவிப்பதால் உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது. தாலி மனதுக்குக் கஷ்டமென்றால் மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொள்ளலாம். நகத்தில் கியூடெக்சோ கறுத்த மருதோன்றியோ இருந்தால் ஒக்சிஜன் பார்க்கும் கிளிப் பிழையாகக் காட்டக்கூடும். எட்டாம் மாதம் மருதோன்றி போடுகிறவர்கள் ஒரு விரல் நகத்தையாவது விட்டுவிடுங்கள்.

உள்ளே போனபிறகு ஏறக்குறைய நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் உள்பரிசோதனை செய்வார்கள். அடிக்கடி கைவைத்தால் கிருமி சேரும். "ஒருத்தரும் பார்க்கயில்ல" என்று போனில் அழும் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். இடையில் பிள்ளையின் துடிப்பை அடிக்கடி கேட்டு, நாடியும் நோவும் குறித்துக்கொண்டே இருப்பார்கள். பரிசோதனையில் கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஒரு வரைபடத்தில் போடுவார்கள். கோடு சாயத் தொடங்கினால்தான் மருந்து ஏற்றுவதா, தியேட்டரா என்ற பேச்சு. கூட நிற்க ஒரு பெண்ணை அனுமதிப்பார்களா என்று கேளுங்கள், கட்டில் நெருக்கடியைப் பொறுத்து விடுவார்கள். அழுகிறவரையல்ல, தண்ணீர் கொடுத்து முதுகு தடவுகிறவரை அனுப்புங்கள். வெளியே நிற்பவர்களில் ஒருவர் மட்டும் மிஸ்ஸோடு கதையுங்கள். ஆறு பேர் ஆறு முறை கேட்டால் அந்த நேரம் இன்னொரு தாயிடமிருந்து போகிறது.

பெண் வைத்தியர்தான் வேண்டும் என்று காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் கேட்பது நியாயமான ஆசை. ஆனால் இரவில் கடமையில் இருப்பவர்தான் வருவார். மருத்துவமாதுகள் எல்லாரும் பெண்களே. திரை போடச் சொல்லிக் கேட்கலாம், அதில் கூச்சம் வேண்டாம்.

பிள்ளை பிறந்ததும் தாயின் நெஞ்சில் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் பால் கொடுக்கச் செய்வார்கள். பிள்ளையின் காதில் பாங்கு சொல்வதை யாரும் மறிப்பதில்லை, தகப்பன் பார்க்க வரும்போது சொல்லலாம். நாக்கில் தேன் தொட்டு வைப்பதைத்தான் மறிப்பார்கள். தேனிலிருக்கும் ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தசைகளைச் சோரவைத்து மூச்சையே நிறுத்தக்கூடும்.

பேற்றுக்குப் பிறகு முதல் சில மணித்தியாலங்கள்தான் உண்மையில் பயப்படவேண்டிய நேரம். "பிள்ளை கிடைச்சிட்டு" என்று எல்லாரும் போனோடு நிற்பது அந்த நேரத்தில்தான். ஒரு மணித்தியாலத்துக்குள் பேட் முழுக்க நனைந்தால், பெரிய கட்டி விழுந்தால், தலை சுற்றினால் மிஸ்ஸைக் கூப்பிடுங்கள். கருப்பை இறுகாமல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும் அது இறுகாது, அதனால்தான் "சலம் போனீங்களா" என்று திரும்பத்திரும்பக் கேட்கிறார்கள்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் அன்று அவசரப்படாதீர்கள். இடது கையில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டதா, பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். தாயின் இரத்தம் நெகட்டிவ் குரூப், பிள்ளை பொசிட்டிவ் என்றால் அடுத்த பிள்ளையைக் காக்கும் அன்ரி-டி ஊசி 72 மணித்தியாலத்துக்குள் போட்டிருக்கவேண்டும். பிறப்புப் பதிவு 42 நாளுக்குள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். பிள்ளை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சளானாலோ, வீட்டுக்கு வந்தபிறகு மஞ்சள் கால்வரை இறங்கினாலோ வெயிலில் காட்டிக்கொண்டிராமல் திரும்ப வாட்டுக்குக் கொண்டுபோங்கள்.