நான்கு தண்ணீர் தாங்காத சட்டை

துணிக்கடை விளம்பரத்தில் விலையை எழுதுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. மஞ்சள் நட்சத்திரம் போட வேண்டும். அதற்கு 24 முனைகளாவது இருக்க வேண்டும், குறைந்தால் வெடித்தது போலத் தெரியாது. உள்ளே சிவப்பில் 99. இரண்டு ஒன்பதுகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ரூபாய்க் குறியை மெலிதாக ஓரத்தில் தொற்றவிட வேண்டும். ‘முதல்’ என்ற சொல் கீழ் மூலையில், ஒன்பதின் அளவில் பத்தில் ஒரு பங்காக வரும். அந்தச் சொல் இல்லாவிட்டால் கடைக்காரர் சண்டையில் மாட்டுவார். கண்ணில் பட்டுவிட்டால் கூட்டம் உள்ளே வராது. இருக்கவும் வேண்டும், தெரியவும் கூடாது. தருமபுரி பென்னாகரம் சாலையில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு 17 ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். நன்றாகச் செய்கிறேன் என்று ஊரில் பெயரும் இருக்கிறது.

கல்யாணம், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள் என்று வேலை வரும். பொங்கல், ஆடி, தீபாவளி என்றால் துணிக்கடைகள். 2023 ஏப்ரல் முதல் வாரத்தில் வந்த இருவர் இந்த வரிசையில் எதிலும் சேராதவர்கள். ஜோல்னாப் பையோடு ஒரு தொழிற்சங்கத் தோழர். கூடவே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பேசியதெல்லாம் தோழர்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் வங்கதேசத்தில் ஆடை ஆலைக் கட்டடம் இடிந்த நினைவாக 24-ஆம் தேதி தொலைபேசி நிலையம் முன்பு ஆர்ப்பாட்டம், 300 போஸ்டர் வேண்டும், பணம் குறைவு, அதனால் சிவப்பும் கறுப்புமாக இரண்டே கலர். கையில் இருந்த தாளில் எதுகை மோனை தவறாமல் 14 வரிகள். தலைப்பு: ‘ஃபாஸ்ட் ஃபேஷனின் மனித விலை’.

“தோழர், போஸ்டரைப் பஸ்ஸில் போகிறவர் படிக்க வேண்டும். இதைப் படிப்பதற்குள் பஸ் தொப்பூர் தாண்டிவிடும்” என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன், சிரித்தார். ஆனால் ஒரு வரியைக்கூட விட்டுத்தரவில்லை.

தலைப்பே முதல் தகராறு. மலிவாகத் தைத்துச் சீக்கிரமே தூக்கியெறியும் இந்த ஃபாஸ்ட் ஃபேஷனைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘அதிவேக ஆடை நாகரிகம்’ என்றார் தோழர். எனக்கு அது ரயில்வே அறிவிப்பு போல இருந்தது. அதுவரை வாயே திறக்காமல் இருந்த அந்தப் பெண், “நான்கு தண்ணீர்கூடத் தாங்காத துணியைத்தானே சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் துணியின் ஆயுளைத் துவைப்பில்தான் எண்ணுவோம். ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர். 17 ஆண்டுத் துணிக்கடை விளம்பரத்தில் அந்தச் சொல் ஒருமுறைகூட என் விரலுக்கு வந்ததில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

தலைப்பு கிடைத்துவிட்டது. படம் கிடைக்கவில்லை.

அன்றிரவு கடையை அடைத்துவிட்டு, அந்த 24-ஆம் தேதி என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். டாக்காவுக்கு அருகே சாவரில் இருந்த எட்டு மாடிக் கட்டடம், ராணா பிளாசா. 2013 ஏப்ரல் 23-ஆம் தேதி சுவர்களிலும் தூண்களிலும் விரிசல் தெரிந்தது. கீழ்த் தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மறுநாள் காலை, மேலே சட்டை தைக்கிறவர்களை மட்டும் வேலைக்கு வரச்சொன்னார்கள். ஒன்பது மணி ஆகும் முன்பே கட்டடம் சரிந்தது. இறந்தவர்கள் 1,134 பேர். காயம்பட்டவர்கள் ஏறத்தாழ 2,500 பேர். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னால்தான், 2012 நவம்பரில், அதே டாக்கா புறநகரில் தஸ்ரீன் ஆலைத் தீயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கருகிப்போயிருந்தார்கள். இன்னும் பின்னால் போனால் 1911, நியூயார்க், ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை: பூட்டிய கதவுக்குப் பின்னால் சிக்கி இறந்தவர்கள் உட்பட 146 பேர். நாடும் மொழியும் மாறியிருந்தன. பூட்டும் தையல் இயந்திரமும் மாறவில்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது எண்ணிக்கை இல்லை, அந்த வங்கி. அதே விரிசல், அதே கட்டடம். பணத்தை எண்ணுகிறவர்கள் வீட்டுக்குப் போகலாம், காலர் வைக்கிறவர்கள் மேலே ஏற வேண்டும். அப்போது அங்கே ஆடைத் தொழிலாளிக்குக் குறைந்தபட்ச மாத ஊதியம் அந்நாட்டுப் பணத்தில் 3,000 டக்கா.

வங்கதேசப் புகைப்படக்காரர் தஸ்லிமா அக்தர் எடுத்த படம் ஒன்றைத் தோழர் அனுப்பியிருந்தார். இடிபாட்டுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் அணைத்தபடி இறந்துகிடக்கிற படம். அதைப் போடுங்கள் என்றார். மாட்டேன் என்றேன். மைதாப் பசை தடவி ஒட்டும் சுவர் அது. மறுநாள் காலை ஆடு வந்து ஓரத்தைக் கடிக்கும். அதன் மேலேயே ஒரு பூப்புனித நீராட்டு விழாவை ஒட்டிவிட்டுப் போவார்கள். அந்த இருவரை அங்கே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அதனால் எனக்குத் தெரிந்த வழிக்கே போனேன். எங்கள் ஊரில் யாரும் நின்று படிக்கும் போஸ்டர் ஒன்று உண்டென்றால் அது கண்ணீர் அஞ்சலிதான். எதிரிகூட நின்று தேதியைப் பார்ப்பான். கறுப்புக் கட்டம், இரண்டு குத்துவிளக்கு, நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தையல் இயந்திரம், கீழே ‘மறைவு: 24.4.2013’. செய்து முடித்தபோது, பொய் சொல்வானேன், பெருமையாக இருந்தது. நான் செய்ததிலேயே சிறந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். திண்ணையில் ஏழு பெண்கள் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலோ பஞ்சு மில்களிலோ சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். தாள் கைமாறிக் கைமாறி வந்தது. புளிக்கையால் தொடக் கூடாது என்று ஓர் அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“ஏன் கண்ணு, நாங்கள் இன்னும் சாகவில்லையே?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். காது மடல் சுட்டது.

பிறகு அவர்கள் பேசினார்கள், நான் கேட்டேன். விடிவதற்கு முன்பே விடுதி மணி அடிப்பது. ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம் என்பது. ஓவர்லாக் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தால் தண்ணீர் குடிக்கவே பயம். குடித்தால் எழுந்து போக வேண்டும், போனால் டார்கெட் விழும். மாதவிடாய் வலி என்று சொன்னால் சூப்பர்வைசர் பேர் எழுதாத ஒரு மாத்திரையைத் தருவார். அந்த மாத்திரை என்னவென்று இன்றுவரை அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. மில்லில் இருந்தவர்களுக்கு வேறு கணக்கு. மூன்று ஆண்டு ஒப்பந்தம், முடிவில் மொத்தமாகப் பணம், அதுதான் கல்யாணச் செலவு. ‘சுமங்கலித் திட்டம்’ என்று அதற்குப் பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் விளம்பரம் தெரிந்தவர். தொழில் மரியாதையோடுதான் சொல்கிறேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரத்தில் புரோக்கர் ஊருக்குள் வருவார், கையில் வண்ணத் துண்டறிக்கையோடு.

அந்தத் துண்டறிக்கை என்றதும் எனக்கு என் சித்தி மகள் நினைவுக்கு வந்தாள். பதினாறு வயதில் போனவள். மூன்று ஆண்டு முடிய எட்டு மாதம் இருக்கும்போது இருமலோடு திரும்பி வந்தாள். இடையில் வந்தவளுக்கு மொத்தப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய கல்யாணப் பத்திரிகையை நான்தான் இலவசமாக அடித்துக் கொடுத்தேன். பத்திரிகைச் செலவாவது மிச்சமாகட்டும் என்று. அவள் மில்லில் என்ன வேலை பார்த்தாள் என்று அன்று நான் கேட்கவில்லை. எந்த எழுத்துரு வேண்டும் என்று கேட்டேன்.

திண்ணையில் அடுத்த சண்டை கூலியில் வந்தது. 99 ரூபாய்ச் சட்டையில் தைத்தவருக்கு எவ்வளவு என்று போடலாம் என்றார் தோழர். சரியான யோசனைதான். ஆனால் ஏழு பேரும் ஏழு கணக்குச் சொன்னார்கள். காலர் வைப்பவருக்கு ஒரு பீஸ் ரேட், பேட்லாக் தையல் அடிப்பவருக்கு இன்னொன்று. கைமடி என்கிற உதவி வேலைக்கும் செக்கிங்குக்கும் ஷிப்ட் சம்பளம். அவர்களுக்குச் சட்டைக் கணக்கே கிடையாது. ஒரு சட்டை எத்தனை கை மாறுகிறது என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பிசிர் வெட்டுகிறவரைச் சேர்க்க மறந்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். ஆளுக்கொரு எண்ணைக் கத்தினார்கள். ஒருத்தி கோபித்துக்கொண்டு புளியோடு உள்ளே போய்விட்டாள்.

“அப்படியென்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள் அக்கா, நாங்களே எழுதிக்கொள்கிறோம்” என்றார் முதல் நாள் கடைக்கு வந்த அந்தப் பெண்.

கடைக்குத் திரும்பிக் கண்ணீர் அஞ்சலியை அழித்தேன். 17 ஆண்டுப் பழக்கத்தில் கை தானாக நட்சத்திரத்துக்குப் போனது. இந்தமுறை மஞ்சள் இல்லை. சிவப்பு நட்சத்திரம், நடுவில் தாள் நிறத்திலேயே 99. மேலே கறுப்பில், ‘நான்கு தண்ணீர் தாங்காத சட்டை’. நட்சத்திரத்துக்குக் கீழே, ‘தைத்தவருக்கு’ என்று எழுதி ஒரு நீண்ட கோடு. ‘முதல்’ வழக்கமாக வரும் மூலையில், அதே பொடி எழுத்தில், ‘24.4.2013, ராணா பிளாசா, 1,134 பேர்’.

“செத்தவர்களைப் போய் இவ்வளவு சிறிதாகப் போடலாமா?” என்று தோழர் வருத்தப்பட்டார். அங்கேதான் எப்போதும் ஒளித்துவைப்போம், அதனால்தான் அங்கே வைத்தேன் என்றேன். சமாதானமாகவில்லை. ‘முதல்’ என்ற சொல்லையாவது சேருங்கள், முதல் யாருடையது, உழைப்பு யாருடையது என்று ஒரு வரி போடலாம் என்று கடைசிவரை மன்றாடினார். நல்ல சிலேடைதான். ஒரு சுவருக்கு ஒன்று போதும் என்று மறுத்துவிட்டேன்.

ஃபைல் ஆஃப்செட்டுக்குப் போன இரவு பத்தரை மணிக்கு அச்சகத்திலிருந்து போன். “அக்கா, கடைசி வரியில் மேட்டர் விட்டுப்போயிருக்கிறது. பிளேட் போடாமல் நிறுத்திவைத்திருக்கிறேன்.” விட்டுப்போகவில்லை தம்பி, அப்படித்தான் என்றேன். “கோடு மட்டும் போதுமா?” என்று இரண்டுமுறை கேட்டுக்கொண்டான். பின்னால் சண்டைக்கு வரக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் எழுத்துபூர்வமாகவும் வாங்கிக்கொண்டான்.

24-ஆம் தேதி நல்ல வெயில். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். போலீஸ்காரர்கள் நால்வர் நிழலில் நின்றார்கள். அட்டையில் ஒட்டிய போஸ்டர்களையும் மார்க்கர் பேனாவையும் அந்தப் பெண்கள் கையில் கொடுத்தார்கள். சிலர் பைசாவில் எழுதினார்கள். ஒருத்தி எண்ணே எழுதாமல் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று எழுதினாள். நாங்கள் இன்னும் சாகவில்லையே என்ற அம்மாவுக்கு எழுத வராது; பக்கத்தில் இருந்தவளை விட்டு ‘தெரியாது’ என்று எழுதவைத்து, அதை நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். நான் எதிரே டீக்கடையில் நின்று பார்த்தேன். என் வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூலையில் இருந்த பொடி எழுத்தை யாரும் படிக்கவில்லை. ஒரு கல்லூரிப் பையன் மட்டும் குனிந்து பார்த்து, ராணா பிளாசா எந்த ஊர்க் கடை என்று கேட்டான். தோழர் சொன்னதும் சரிதானோ என்று அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

ஜூன் கடைசியில், என்னிடம் பல ஆண்டுகளாக வரும் துணிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடிக்கு ஃபிளக்ஸ் வேண்டும் என்று வந்தார். போனை நீட்டினார். பஸ் நிலையச் சுவரில் பாதி கிழிந்து தொங்கிய சிவப்பு நட்சத்திரத்தைப் படம் எடுத்துவைத்திருந்தார்.

“இது நீங்கள் செய்ததுதானே அம்மா? சிவப்பு நன்றாக எடுப்பாக இருக்கிறது. இதே மாதிரி போட்டுக் கொடுங்கள்.”

மேலே தலைப்பும் கீழே கோடும் மூலையும் கிழிந்துபோயிருந்ததால் 99 மட்டும்தான் மிச்சம் இருந்தது. முன்பணம் ஐந்நூறு ரூபாயை மேசையில் வைத்தார். நான் பழைய ஃபைலைத் திறந்து, கோட்டையும் மூலையில் இருந்த வரியையும் அழித்து, அந்த மூலையில் ‘முதல்’ என்று அடித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார்.

“அந்த ‘முதல்’ கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது, பாருங்கள்” என்றார்.