நீண்ட மேட்டின் கணக்கு

நமது கல்லூரிச் சதுரங்கக் கழகத்தில் இரண்டு, மூன்று நகர்வு மேட் (எதிரியின் ராஜா தப்ப வழியின்றி அகப்படும் முடிவு) புதிர்களோடு நாங்கள் நிறைவடைந்திருந்த காலத்தில், கழகப் பொறுப்பாசிரியர் ஓட்டோ பிளாத்தியைப் பற்றிச் சொன்னார். மின்மாற்றியை உருவாக்கிய ஹங்கேரியப் பொறியாளர் மூவருள் ஒருவரான பிளாத்தி (1860–1939), 290 நகர்வுகளில் மேட் ஆகும் புதிரையும் அமைத்தவர். அத்தனை நகர்வுகளை ஒரு மனிதர் எவ்வாறு கணக்கிட்டார் என்ற கேள்வி எனக்குள் அன்றே விழுந்தது. பின்னர் புலம்பெயர்ந்த நாட்டில் மென்பொருள் எழுதுபவனாக ஆனபோது, அதே கேள்வியைக் கணினியிடம் கொண்டுபோனேன்.

விடை சுற்றில் இருக்கிறது. கறுப்பின் காய்கள் எல்லாம் பூட்டப்பட்டு, ராஜா இரண்டு கட்டங்களுக்கிடையே மட்டும் போய்வருகிறது என்றும், ஏழாம் வரிசையில் நிற்கும் ஒரு சிப்பாய்க்கு, எதிரே வெள்ளைச் சிப்பாய் மறிக்கும்வரை, நான்கு ஒற்றை நகர்வுகள் மிஞ்சியிருக்கின்றன என்றும் கொள்வோம். வெள்ளை ராஜா 21 நகர்வுகளில் ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தால், அந்த ஒற்றைப்படை எண் காரணமாகக் கறுப்பு ராஜா தன் மறு கட்டத்தில் நிற்க, நகரவேண்டிய முறை மாறிவிடும். கறுப்பு வேறு வழியின்றிச் சிப்பாயைத் தள்ளவேண்டும். நான்கு சுற்றுக்கு 84 நகர்வுகள். அதன் பிறகே மேட் தொடங்கும். பிளாத்தியின் மரபில் வந்த புதிர்களின் உயிர்நாடி இதுவே. இதன் அழகை விளக்க இன்னும் பல பக்கங்கள் தந்தாலும் நான் எழுதுவேன்.

வலிமைமிக்க விளையாட்டு நிரல்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. தன் முறையை விட்டுக்கொடுத்தாலும் நிலை வலுவாகவே இருக்குமானால் அந்தக் கிளையை, அதாவது அந்த நகர்வுத் தொடரை, மேலும் ஆராயத் தேவையில்லை என்பது அவற்றின் குறுக்குவழி. நகர்ந்தே ஆகவேண்டிய கட்டாயத்தால் தோற்கும் நிலையில் அந்த அனுமானம் பொய்த்துப்போகிறது. காய் வெட்டாத, ராஜாவைத் தாக்காத அமைதியான நகர்வுகளை ஆழம் குறைத்துப் பார்க்கும் பழக்கமும் சுற்றை மறைத்துவிடும். ஆகவே இத்தகைய புதிர்களுக்கு முதல் குறுக்குவழியை அணைத்துவிட்டு, நினைவக அட்டவணையைப் பெரிதாக்கி, மேட்டுக்கு அருகிலுள்ள நிலையிலிருந்து படிப்படியாகப் பின்னோக்கி நிரலை அழைத்து வருவேன். முன்னர் கண்ட விடைகள் அட்டவணையில் இருப்பதால் அடுத்த படி எளிதாகும். புதிர்களுக்கென்றே எழுதப்பட்ட பொப்பாய் என்னும் நிரல், கறுப்பு ராஜா தப்பக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கவும் இடமளிக்கிறது. கிளைகள் அதனால் வெகுவாகக் குறையும்.

காய்கள் மிகக் குறைந்த இறுதியாட்டங்களில் தேடலே வேண்டியதில்லை. எல்லா மேட் நிலைகளிலிருந்தும் பின்னோக்கிக் கணக்கிட்ட அட்டவணைகள் உள்ளன. மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தின் லொமொனோசொவ் மீக்கணினியில் 2012இல் நிறைவெய்திய, ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய் கொண்ட அட்டவணையில், ராணியும் சிப்பாயும், யானை, மந்திரி, குதிரை ஆகிய மூன்றை எதிர்த்து வெல்ல 549 நகர்வுகள் எடுக்கும் நிலை ஒன்று இருக்கிறது. அதனை நகர்வு நகர்வாகப் பார்த்தேன். பெரும்பகுதியில் எந்த நோக்கமும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. மனிதர் அமைத்த நீண்ட மேட்டே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது, ஏனெனில் அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் காரணம் உண்டு.

புதிர் அமைப்பவருக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. 290 நகர்வில் மேட் என்று காட்டுவது ஒன்று, அதைவிடக் குறுகிய வழி இல்லையென நிறுவுவது வேறொன்று. பின்னதற்கு வெள்ளையின் வேறெல்லா நகர்வுகளையும் துருவ வேண்டும். பழைய புதிர்கள் பலவற்றில் கணினி குறுகிய வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. சிலவற்றை ஒரேயொரு சிப்பாயை இடம் மாற்றியே திருத்திவிடலாம். ஓய்வு நேரங்களில் நான் இப்போது செய்வது அந்தத் திருத்த வேலைதான்.