பாய் கடையில் கடைசித் தள்ளுபடி

இராமநாதபுரம் அரண்மனைக்குச் சற்றுத் தள்ளி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவந்த ஒரு விளையாட்டுப் பொருள் கடை, சென்ற ஆடி மாதத்தோடு மூடப்பட்டது. பலகையில் வேறு பெயர் எழுதியிருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அது பாய் கடைதான். ஆகையால் நானும் அப்படியே எழுதுகிறேன். அந்தக் கடையோடு எனக்கு இரட்டை உறவு இருந்தது. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலமெல்லாம் பள்ளிக்கு வேண்டிய வாலிபால், வலை, குண்டு, வட்டு ஆகியவற்றை அங்கேதான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் கரையில் தூண்டில் போடுகிறவன் என்பதால் தங்கூசி என்னும் தூண்டில் இழையும் முள்ளும் ஈயக்குண்டும் அங்கேதான் வாங்கினேன். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முதல் உறவு அறுந்தது. இரண்டாவதை நானே பாதி அறுத்துக்கொண்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கடை வெளியிலிருந்து பார்ப்பதற்குச் சிறியது, உள்ளே நீளமானது. முன்பக்கம் நிலத்துக்கு உரியது, பின்பக்கம் கடலுக்கு உரியது என்று சொல்லலாம். முன்பக்கத்தில் மட்டைகளும் பந்துகளும் காற்றடிக்கும் பம்பும் கேரம் பலகைகளும் இருக்கும். பின்பக்கத்துச் சுவரில் தூண்டில் ராடுகள் சாத்தப்பட்டிருக்கும். கண்ணாடி அலமாரியில் ரீல்கள், அதற்குக் கீழே எண் எழுதிய சிறு மர இழுப்பறைகளில் முட்கள். முள்ளின் எண் கூடக் கூட முள் சிறுக்கும் என்பதும், ஒன்றைத் தாண்டி 1/0, 2/0 என்று எழுதும் வரிசைக்குப் போனால் எண் கூடக் கூட முள் பெருக்கும் என்பதும் புதிதாக வருகிறவர்களுக்கு விளங்காது. அதைப் பாய் ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருப்பார். கல்லாவுக்குப் பின்னால், 1994-இல் 12 வயதுச் சிறுவனாகப் பாக் நீரிணையை நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரனின் செய்தித்தாள் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மஞ்சளித்துப்போய்த் தொங்கியது.

தூண்டில் பொருள் கேட்டு யார் வந்தாலும் அவர் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தக் கடல்?" என்பதுதான். வெளியூர்க்காரர்கள் விழிப்பார்கள். எங்கள் கரையில் வடக்கே பாக் விரிகுடாப் பக்கமும் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கமும் ஒரு நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்கிற வழக்கம் உண்டு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று தெற்கேயுள்ள கடலைப் புரட்டிப்போடும்போது வடக்கேயுள்ள கடல் குளம்போலக் கிடக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசத் தொடங்கினால் கதை தலைகீழாகும். எந்த மாதம், எந்தக் கரை, எதற்குக் குறி, பாறை மீனா விளமீனா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் ஈயத்தின் எடையையும் தங்கூசியின் தடிமனையும் தீர்மானிப்பார். கேட்ட பொருளைக் கொடுக்காமல் "அது வேண்டாம் சார், வீண் செலவு" என்று சொல்லி மலிவானதை எடுத்து வைத்த நாள்கள் பல. வியாபாரத்துக்கு இது நல்ல பழக்கம் அல்ல என்று அவர் மகன் சொல்வான். அவன் சொன்னதிலும் தவறில்லை.

அங்கே வந்தவர்களின் கலவை வேறெந்தக் கடையிலும் நான் காணாதது. உச்சிப்புளிக் கடற்படை விமானதளத்திலிருந்து இந்தி பேசும் இளைஞர்கள் பேட்மின்டன் மட்டைக்கு நரம்பு கட்ட வருவார்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் நீருக்குள் பார்க்கும் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கேட்பார்கள். கீழக்கரைப் பக்கத்துச் சங்கு குளிப்பவர்கள் வந்தால் பாய் எழுந்து நின்று பேசுவார். காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு முங்குகிறவர்களிடம் ரப்பர் துடுப்பைக் காட்டி, விலை சொன்னதும் அவர்கள் சிரிக்க, இவரும் சேர்ந்து சிரிப்பார். பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து கடற்பாசி எடுக்கும் பெண்கள் ஆண்டுக்கு இரண்டு முறை கூட்டமாக வந்து முங்கு கண்ணாடி வாங்கிப் போவார்கள். சித்திரை, வைகாசியில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையேறிக் கிடக்கும்போது, வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பங்களால் கடை நிரம்பும். அந்த இரண்டு மாத வருமானம்தான் மழைக்காலத்தை ஓட்டும் என்று பாய் ஒருமுறை சொன்னார்.

கடை ஏன் நொடித்தது என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. கைப்பேசியில் வாங்குவது பெருகியதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். பரமக்குடி வரை நாற்கரச் சாலை வந்த பிறகு மதுரை அருகில் வந்துவிட்டது; அங்குள்ள பெரிய அங்காடிகளுக்குக் குடும்பத்தோடு போய்வருவது ஒரு சுற்றுலாவாகிவிட்டது. ஊர் இளைஞர் மன்றங்கள் ஆளுக்கு ஐம்பது, நூறு என்று வசூலித்து வாலிபால் வாங்க வருவது குறைந்ததும் ஒரு காரணம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தின்கீழ் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் நேரடியாகப் போய்ச் சேர்ந்தன. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பந்து வாங்கக் காசில்லாமல் ஆட்டத்தை விட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வசூல் பணத்தில்தான் பாய் கடையின் முன்பக்கம் நடந்தது என்பதும் உண்மை.

இனி என் பங்கு. 2021-இல், வெளியே போகாமல் வீட்டிலிருந்த நாள்களில், ஒரு தூண்டில் ரீலைக் கைப்பேசியில் பார்த்தேன். பாய் கடையில் அதே ரீலைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்து, அதன் பல்சக்கரத்தைப் பற்றி அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டவன்தான் நான். கைப்பேசியில் அறுநூறு ரூபாய் குறைவு, வாங்கிவிட்டேன். நான்காவது மாதம் அதன் கைப்பிடி ஆடத் தொடங்கியது. வேறு வழியின்றிப் பாயிடமே கொண்டுபோனேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். எங்கே வாங்கியது என்று கேட்கவில்லை. ஒரு திருகாணியையும் வளையத்தையும் மாற்றி, எண்ணெய் விட்டு, 80 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர் கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆடி முதல் வாரத்தில் கடை வாசலில் துணிப் பதாகை கட்டினார்கள்: "கடை காலி செய்யப்படுகிறது. எல்லாப் பொருள்களுக்கும் 40 சதவீதம் தள்ளுபடி." அன்று வந்த கூட்டம் அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் வந்ததைவிட அதிகம். இந்தக் கூட்டம் முன்பே வந்திருந்தால் பதாகைக்கே வேலையில்லை என்று பாய் சொல்லவில்லை. அவர் மகன் சொன்னான், அதுவும் எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் நான்கு நாள் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் பலர் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல நடந்துகொண்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, "எப்போதிலிருந்து இப்படி?" என்று தொடங்கி, "நல்லாத்தானே இருந்தது" என்று முடித்து, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு காலத்தில் மாவட்ட அணிக்கு ஆடிய ஒருவர் ஒரு வாலிபாலைக் கையில் உருட்டிக்கொண்டே கண் கலங்கினார். பந்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு எழுந்தார். ஓர் இளைஞர் ராடின் மேல் ஒட்டியிருந்த விலையில் நாற்பது சதவீதத்தைக் கழித்து, கைப்பேசியில் அதே ராடைத் தேடி, அங்கே இன்னும் முப்பது ரூபாய் குறைவு என்று பாயிடமே காட்டினார். இன்னொருவர், மூன்று மாதங்களுக்கு முன் வாங்கிய மட்டைக்கு இனி உத்தரவாதம் யார் தருவார் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான், ஆனால் அவர் கேட்ட குரல் நியாயமானதாக இல்லை. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், கடையைக் காலத்துக்கேற்ப மாற்றியிருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். அவர் அங்கே எதையாவது வாங்கியதாக எனக்கு நினைவில்லை. வாங்கியதைக் குறைத்துக்கொண்டவர்களே வருத்தத்தை உரக்கச் சொன்னார்கள் என்று எழுத வருகிறது; அப்படி எழுதினால் நானும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

கடன்காரர்கள் இரு பிரிவானார்கள். பாயிடம் நீள நோட்டு ஒன்று உண்டு. பள்ளிக்கூடங்கள், மன்றங்கள், தூண்டில்காரர்கள் என்று பிரித்துக் கடன் எழுதியிருப்பார். செய்தி பரவியதும் சிலர் தாங்களாகவே வந்து கணக்கைத் தீர்த்தார்கள். சிலர் அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்தினார்கள். இரண்டாவது பிரிவில் எங்கள் பழைய பள்ளியும் இருந்ததால், என் காலத்து பாக்கியை நான் போய்க் கொடுத்தேன். தலைமையாசிரியர் கையெழுத்து இல்லாமல் கொடுக்கிறேனே என்று பாய் கேலி செய்தார்.

இந்த நோட்டைப் பற்றி என் தங்கை மகனிடம் தொலைபேசியில் சொன்னபோது அவன் தன் கதையைச் சொன்னான். அவன் அமெரிக்காவில் டென்வர் நகரில் இருக்கிறான். ஸ்போர்ட்ஸ் அத்தாரிட்டி என்ற பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனம் 2016 மார்ச்சில் திவால் மனு கொடுத்து, ஏறத்தாழ 460 கடைகளையும் அந்த ஆண்டிலேயே மூடிவிட்டது. அந்தக் கடையில் பொருள் வாங்கிக்கொள்ள அலுவலகத்தில் கொடுத்த பரிசு அட்டை ஒன்று அவனிடம் இருந்தது. ஜூன் இறுதிக்குப் பிறகு அது செல்லாது என்று அறிந்ததும் கடைக்கு ஓடிப்போய், தனக்குத் தேவையே இல்லாத கூடாரம் ஒன்றை வாங்கி வந்தானாம். அங்கே கடைதான் வாடிக்கையாளருக்குக் கடன்பட்டிருக்கிறது. இங்கே வாடிக்கையாளர் கடைக்குக் கடன்பட்டிருக்கிறார். கடை சாகும்போது பதைப்பவர் யார் என்பது அதைப் பொறுத்தது. கடைகள் போன பிறகும் அவ்வூர் அமெரிக்கக் கால்பந்து அரங்கத்தின் நெற்றியில் அந்நிறுவனத்தின் பெயர் 2018 தொடக்கம் வரை நின்றது என்றும், இல்லாத கடையின் பெயரைச் சொல்லியே ஆட்டத்துக்கு வழி கேட்டார்கள் என்றும் சொல்லிச் சிரித்தான்.

கனடாவின் வான்கூவரில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் சொன்னது வேறு வகை. 1971-இல் அங்கே தொடங்கிய மவுண்டன் எக்விப்மென்ட் கோ-ஆப், மலையேற்றப் பொருள்கள் விற்கும் கூட்டுறவுக் கடையாக இருந்தது. ஐந்து டாலர் கொடுத்தால் ஆயுள் உறுப்பினர் என்பது அப்போதைய ஏற்பாடு. 2020 செப்டம்பரில், உறுப்பினர்களின் வாக்கைக் கேட்காமலே, கடனில் சிக்கியிருந்த அதை ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க நிர்வாகம் முடிவெடுத்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். நீதிமன்றம் விற்பனைக்கு ஒப்புதல் அளித்துவிட்டது. என் மாணவரும் கையெழுத்திட்டவர்தான். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அங்கே என்ன வாங்கினாய் என்று கேட்டேன். ஒரு தண்ணீர்க் குப்பி என்றார். எங்கள் பெஞ்சில் இவருக்கும் ஓர் இடம் உண்டு.

தள்ளுபடியின் மூன்றாம் நாள் சின்னப்பாலத்திலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். பேருந்திலிருந்து இறங்கி நேரே பின்பக்கம் போனார்கள். யாரும் பெஞ்சில் உட்காரவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின், பாசி எடுக்கும் இடமும் நாளும் அவர்களுக்குக் குறுகிக்கொண்டே வந்திருக்கின்றன. கடலுக்கு ஓய்வு வேண்டும் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டின்படி மாதத்தில் 12 நாள் மட்டுமே முங்குகிறார்கள். அந்த 12 நாளில் கண்ணாடி உடைந்தால் அன்றைய கூலி போயிற்று. நீச்சல் குளத்துக்கான கண்ணாடி அவர்களுக்கு ஆகாது. ஆழத்தில் அது கண்ணைப் பிடித்து இழுக்கும். மூக்கையும் சேர்த்து மூடுகிற, ஒற்றைக் கண்ணாடி பதித்த ரப்பர் முகமூடிதான் வேண்டும். அதிலும் பதித்திருப்பது பிளாஸ்டிக் அல்ல, கண்ணாடிதான் என்று தட்டிப் பார்த்து வாங்கினார்கள். இருந்தது பதினொன்று. பதினொன்றையும் எடுத்துக்கொண்டு, நாற்பது சதவீதத்துக்கு மேலும் பேரம் பேசி, பணத்தை எண்ணி வைத்தார்கள். பிறகு மூத்தவர் கேட்டார்: "அடுத்த வருசம் இது உடைஞ்சா யாருகிட்ட வாறது பாய்?"

அந்த நான்கு நாளில் பாய் பதில் சொல்ல முடியாமல் நின்றதை அப்போதுதான் பார்த்தேன். என்னைக் காட்டி, "சாருகிட்ட போன் நம்பர் வாங்கிக்கங்க ஆத்தா" என்றார்.

புரட்டாசியில் அந்த அம்மாள் அழைத்தார். இரண்டு கண்ணாடி விரிசல் விட்டுவிட்டன, இன்னும் இருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள், நான்கு வேண்டும் என்றார். கைப்பேசியில் தேடி நான்கு முகமூடிகள் வரவழைத்தேன். கண்ணாடி நன்றாகவே இருந்தது. பட்டைதான் மெல்லியது, கொண்டை போட்டுத் துணி கட்டிய தலைக்கு இரண்டு இழுப்பில் அறுந்துவிடும் போலிருந்தது. பாய் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் பழைய சைக்கிள் ட்யூபைக் கொண்டுவந்து, விரற்கடை அகலத்தில் வெட்டி, ஒரு பட்டையை மாட்டி இழுத்துப் பார்த்தார். மீதி மூன்றுக்கும் அளவு வேண்டும், அவர்களில் யாரையாவது வரச் சொல்லுங்கள் என்றார். பேருந்துக்குக் காசு செலவழித்து யாரும் வரமாட்டார்கள் என்றேன். அவர்கள் அடுத்து முங்கப்போகும் அமாவாசைக்கு மூன்று நாள்தான் இருந்தது. அவர் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, ட்யூபையும் கத்தரிக்கோலையும் ஒரு பையில் போட்டு, பாம்பன் பேருந்து எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.