நெஞ்செரிச்சலும் பால் கக்குவதும்: அப்பா வைத்தியம் பிள்ளைக்கு ஆகாது

அப்பாவுக்கு நெஞ்சு கரிக்கிறது. அதே வீட்டில் மூன்று மாதக் கைப்பிள்ளை குடித்த பாலைக் கக்குகிறது. கோளாறு இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான். உணவுக்குழாய் முடிந்து இரைப்பை தொடங்கும் இடத்தில் இருக்கிற வளையத் தசை, மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்துவிடுகிறது. ஆனால் தலைமாட்டை உயர்த்துவதும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் அப்பாவுக்குக் கேட்கும், பிள்ளைக்குக் கேடு செய்யும். இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் இரண்டு பேர் பாடும் ஒழுங்குக்கு வந்தது.

பெரியவர் விஷயத்தில் முதலில் தெளிய வேண்டியது இது நெஞ்செரிச்சல்தானா என்பது. திருநெல்வேலிப் பக்கம் நெஞ்சில் எது வந்தாலும் "வாயு பிடிச்சிருக்கு" என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். நடக்கும்போது, படியேறும்போது நெஞ்சை அழுத்தி, வியர்த்து, இடது கையிலோ தாடையிலோ வலி இழுத்தால் சோடாவும் வேண்டாம், அமிலத்தைத் தணிக்கும் ஜெல்லும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு முதலில் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சல் பெரும்பாலும் சாப்பிட்ட பிறகும், குனியும்போதும், படுத்ததும் வரும். புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களிக்கும்.

டாக்டர் எழுதுவது பெரும்பாலும் பான்டோப்ரசோல் 40 மி.கி. அல்லது ஒமிப்ரசோல் 20 மி.கி., நாளுக்கு ஒன்று, 4 முதல் 8 வாரம். "மாத்திரை கேட்கவே இல்லை" என்று சொல்பவர்களில் பலர் அதை விழுங்கும் நேரத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு இறங்கும்போதுதான் மும்முரமாக ஓடும். ஓடுகிற பம்பைத்தான் இந்த மருந்து நிறுத்தும். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே அது உள்ளே போயிருக்க வேண்டும். விடிந்ததும் பால் காப்பியோடு விழுங்கினால் பாதிப் பலன்தான். வெறும் தண்ணீரில் மாத்திரை, அரை மணி கழித்துக் காப்பி: அப்பாவுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய குணம் கொடுத்தது. மாத்திரையை நொறுக்கவோ கடிக்கவோ கூடாது. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். அதுவரை எரிச்சல் எடுக்கும்போது ஆன்டாசிட் ஜெல் 10 மி.லி. குடிக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அவற்றுக்கும் ஜெல்லுக்கும் இடையில் சில மணி நேரம் விட வேண்டும். மெடிக்கலில் கேட்டதும் எடுத்துத் தருவது பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் 'டி' போட்ட மாத்திரை. அதில் டோம்பெரிடோன் சேர்ந்திருக்கும். அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது. 60 வயது தாண்டியவரும் இதய நோய் உள்ளவரும் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

ராத்திரி எரிச்சலுக்குக் கட்டிலைச் சரிசெய்தாக வேண்டும். தலைமாட்டுக் கால்கள் 15 முதல் 20 செ.மீ. உயர வேண்டும். மரக் கட்டில் என்றால் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு செங்கலைப் படுக்கையாக அடுக்கினால் ஏறக்குறைய 15 செ.மீ. வந்துவிடும். டைல்ஸ் தரையில் செங்கல் வழுக்கும், அடியில் பழைய சைக்கிள் டயர் துண்டோ நனைத்துப் பிழிந்த கோணிச் சாக்கோ போடுங்கள். கட்டில் கால் செங்கலின் நடுவில் உட்கார வேண்டும். விளிம்பில் நின்றால் ஒரு நாள் சரியும். தலையணையை இரண்டு மூன்றாக அடுக்குவது உதவாது: இடுப்பு மடங்கி வயிறு அமுங்கும், அமிலம் இன்னும் மேலே ஏறும். பாயில் படுப்பவர்கள் இடுப்புக்கு மேல் முழுவதும் தாங்குகிற மாதிரி சரிவுப் பலகையைப் பாய்க்கு அடியில் கொடுக்கலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே தொங்கி நிற்கும், ஏறிய அமிலமும் சீக்கிரம் இறங்கும்.

சாப்பாட்டில் பத்தியப் பட்டியல் போட்டு ஆளை வதைக்க வேண்டாம். தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் சேர்ந்த சொதி மத்தியானம் சாப்பிட்டால் பலருக்கு ஒன்றும் செய்யாது. மிச்சச் சொதியை ராத்திரி ஒன்பதரைக்கு ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்தால் கரிக்கும். புரோட்டா சால்னாவும், நெய் வழிகிற அல்வாவும் இதே கணக்குத்தான். கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே கை கழுவிவிட வேண்டும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை இரண்டு வாரம் காலண்டர் தாளில் குறித்து வந்தால் அவரவர் எதிரி தெரிந்துவிடும். தொப்பை குறைந்தால் எரிச்சலும் குறையும். புகையிலையை விட வேண்டும், வேட்டியை இறுக்கிக் கட்டக் கூடாது. அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரையும் வளையத் தசையைத் தளர்த்தும். அதைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

விழுங்கும்போது அடைத்தல், காரணமின்றி எடை குறைதல், ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், ரத்தசோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் எட்டு வாரம் பார்க்காமல் எண்டோஸ்கோபிக்கு (வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) போய்விட வேண்டும். பரிசோதனைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு. இரைப்பையில் தங்கும் எச்.பைலோரி கிருமிக்கும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். தொண்டையில் அடிக்கும் ஸ்பிரேயின் மரப்பு போகும்வரை சூடாக எதுவும் குடிக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் உணவுக்குழாய்ப் புண்ணின் அளவு ஏ முதல் டி வரை எழுதியிருக்கும், டி-தான் கடுமையானது. நெஞ்செரிச்சல்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் புண்ணே தெரியாது. அதற்காக எரிச்சல் பொய் என்று ஆகாது.

மாத்திரையை விடுவதுதான் கஷ்டமான கட்டம். பல வாரம் அடக்கி வைத்த அமிலம், திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட வேகமாகச் சுரக்கும். "மாத்திரை இல்லாம முடியாது போலிருக்கே" என்று அங்கேதான் மனம் தளர்கிறது. இது நோய் திரும்பியதாகவே இருக்க வேண்டியதில்லை. சில வாரத்தில் அடங்கும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு இரண்டு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து, இடையில் ஜெல்லை வைத்துச் சமாளிப்பதே நல்ல வழி. ஆனால் டி அளவுப் புண் போல உணவுக்குழாய் பெரிதும் கெட்டிருந்தால் நிறுத்துகிற பேச்சே வேண்டாம்.

இனி பிள்ளை. குடிப்பது பால் மட்டும், இருப்பது பெரும்பாலும் படுக்கையில், தசையும் முதிரவில்லை. கக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நான்கு மாத வாக்கில் உச்சத்துக்குப் போய், உட்காரத் தொடங்கியதும் குறைந்து, ஒரு வயதை ஒட்டிப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நின்றுவிடும். "குடிச்ச பாலெல்லாம் வெளிய வந்துட்டே" என்று ஆச்சிமார் பதறும்போது, இரண்டு தேக்கரண்டிப் பாலை வெள்ளை வேட்டித் துணியில் ஊற்றிக் காட்டுங்கள். வெறும் 10 மி.லி., ஆனால் கண்ணுக்கு ஒரு சங்குப் பால் போல விரியும். துணியைப் பார்த்து முடிவெடுக்காமல் தராசைப் பாருங்கள்: முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறி, நாளுக்கு ஆறு முறையாவது மூத்திரம் போனால் போதும். எப்போதும் ஒரே தராசில் நிறுப்பது முக்கியம்.

பக்கம் மாற்றும்போது ஒரு முறை, முடித்ததும் ஒரு முறை ஏப்பம் எடுத்து, 20 முதல் 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். பால் குடித்த கையோடு சேலைத் தொட்டிலில் போடாதீர்கள். உடம்பு வில்லாக வளைந்து வயிறு அமுங்கும், தாடை நெஞ்சில் இடித்து மூச்சும் நெருக்கப்படும். தூங்க வைப்பது சமதளத்தில், மல்லாக்க, தலையணை இல்லாமல். மல்லாந்தால் பால் புரையேறும் என்ற பயம் வேண்டாம்: அப்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும், எதுக்களித்த பால் மூச்சுக்குழாய்க்கு ஏற மேல்நோக்கிப் போக வேண்டும்.

அமில மருந்து கக்குவதை நிறுத்தாது. அமிலம் குறைந்தால் வயிற்று, நுரையீரல் தொற்று வரும் வாய்ப்புதான் கூடும். உரைமருந்து, தேன், கிரைப் வாட்டர் எதுவும் ஆறு மாதம் வரை வேண்டாம். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. தொக்கம் எடுக்கவும், உரம் விழுந்தது என்று துணியில் போட்டு உருட்டவும் கொண்டுபோகாதீர்கள். பால் நிறைந்த வயிற்றோடு உருட்டினால் புரையேறும். மலத்தில் ரத்தக் கீற்றும் தோலில் கரப்பானும் சேர்ந்திருந்தால் பசும்பால் ஒவ்வாமையாக இருக்கலாம். குழந்தை மருத்துவர் சொன்னால் தாய் 2 முதல் 4 வாரம் பால், தயிர், மோர், பால் காப்பி எல்லாம் விட்டுப் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் கேழ்வரகும், உளுந்தஞ்சோற்றோடு எள்ளுத் துவையலும் சுண்ணாம்புச் சத்துக்கு உதவும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

பிறந்து சில வாரத்தில் ஒவ்வொரு முறை குடித்ததும் பால் பீய்ச்சியடித்து, உடனே மறுபடி பசித்து அழுதால் இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைத்திருக்கலாம். அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும். வாந்தியில் ரத்தம், உப்பிய வயிறு, காய்ச்சல், துவண்டு கிடப்பது, எடை ஏறாதது இவையும் வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமல்ல. வாந்தி இலைப் பச்சையாக வந்தால் குடல் முறுக்கியிருக்கலாம். ராத்திரி எத்தனை மணியானாலும் விடியட்டும் என்று இருக்காமல், குழந்தை அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வாந்தி பட்ட துணியை அலசாமல் கையோடு எடுத்துப் போனால் டாக்டர் நிறத்தை நேரில் பார்த்துக்கொள்வார்.