திம்பம் ஏத்தத்துல கொதிச்ச லாரி, ஹெட்டைக் கழட்டாம சரி பண்ணுன அனுபவம்

எங்ககிட்ட இருக்கறது 2003 மாடல் ஆறு வீல் லாரிங்க, ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின், அப்பா எடுத்து ஓட்டுனது, இப்ப நான் ஓட்டறேன். சங்ககிரியில சிமெண்ட் ஏத்திக்கிட்டு சத்தி, பண்ணாரி, திம்பம் வழியா தாளவாடி போயி இறக்கிட்டு வரும்போது முட்டைக்கோஸோ உருளைக்கிழங்கோ கிடைச்சா ஏத்திட்டு வருவேன். போன மாசி கடைசியில 180 மூட்டை, 9 டன், காலையில பண்ணாரி செக்போஸ்ட் தாண்டி ஏற ஆரம்பிச்சேன். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு, எட்டாவது வளைவு திரும்பறதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு செவப்புல போயி நின்னுடுச்சு.

நல்ல வேளையா தண்ணி இன்னும் வெளிய கொட்டல, பெல்ட்டும் அறுந்து போகல. அதனால டக்குனு ஆஃப் பண்ணாம ஓரம் கட்டி வீலுக்குக் கல்லு போட்டுட்டு, கொஞ்ச நேரம் நியூட்ரல்ல லேசா ரேஸ் குடுத்து ஓடவிட்டேன். பம்பும் ஃபேனும் சுத்துனாத்தான் ஹெட்டுல, அதாவது எஞ்சினோட மேல்பாகத்துல, இருக்கற சூடு எறங்கும், உடனே நிறுத்துனா அங்க நிக்கற தண்ணி அப்படியே கொதிச்சிடும். இதே தண்ணி கொட்டிப்போயிருந்தா ஒரு நிமிஷம் கூட ஓடவிடக் கூடாதுங்க, நிறுத்திடணும். முக்கால் மணி நேரம் கழிச்சு சாக்கை நனைச்சு ரேடியேட்டர் மூடி மேல போட்டு மெதுவா திறந்து, எஞ்சினை ஓடவிட்டுக்கிட்டே கொஞ்சங் கொஞ்சமா தண்ணி ஊத்துனேன். சூட்டுல பச்சைத் தண்ணியை ஒரேயடியா ஊத்துனா ஹெட்டு விரிசல் விட்டுடும், எத்தனையோ பேர் அப்படித்தான் எஞ்சினையே இழந்திருக்காங்க. நாலு தடவை நிறுத்தி நிறுத்தித்தான் அன்னைக்கு மேல போய்ச் சேர்ந்தேன்.

ஊருக்கு வந்து ஒரு பட்டறையில காட்டுனா, பார்த்ததும் வாட்டர் பம்பு போயிருக்கும்னு மாத்துனாங்க. சூடு குறையல. அடுத்து ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில கசியாம இருக்க வைக்கற தகடு) போயிடுச்சு, ஹெட்டைக் கழட்டணும், நாப்பதாயிரம் ஆகும்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஏன்னா வண்டி வெறுமனே நின்னு ஓடும்போதும் டவுனுக்குள்ள மெதுவா போகும்போதும் சூடாகறதே இல்ல, பாரத்தோட ஏத்தம் ஏறும்போது மட்டும்தான் ஆகுது. நிக்கும்போது சூடானா ஃபேன், பெல்ட் பக்கம் சந்தேகப்படணும், பாரத்துல மட்டும் சூடானா ரேடியேட்டருக்குள்ள தண்ணி சரியா ஓடலைன்னு அப்பா சொல்லிக் குடுத்தது எனக்கு ஞாபகம் இருந்துச்சு.

அதனால கேஸ்கெட்டை முதல்ல நானே சோதிச்சேன். காலையில எஞ்சின் ஜில்லுனு இருக்கும்போது மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணி, ரேஸ் குடுத்து ரேடியேட்டர் வாயையே பார்த்துட்டு இருந்தேன். கேஸ்கெட் போயிருந்தா சிலிண்டர் கேஸ் விடாம குமிழ் குமிழா வரும், ஒண்ணுமே வரல. டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன், ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகல. தண்ணி மேலயும் எண்ணெய் மிதக்கல. நாப்பதாயிரம் அங்கயே மிச்சம்.

அப்புறம் தொடாமலே சூட்டை அளந்து காட்டற ஒரு டெம்பரேச்சர் கன் வாங்குனேன், ஆயிரத்துச் சொச்சம் ரூபா. பளபளன்னு இருக்கற இரும்புல அடிச்சா தப்பா காட்டும், கருப்பு பெயிண்ட் இருக்கற இடத்துல அடிக்கணும். பாரத்தோட ஒரு ஓட்டம் போயிட்டு வந்து உடனே ரேடியேட்டர் முழுக்க கட்டம் கட்டமா அடிச்சுப் பார்த்தேன். மேல் டேங்க் 97 டிகிரி, நடுவுல 85, ஆனா ரெண்டு ஓரத்துலயும் 48, 50தான் இருந்துச்சு. சுடுதண்ணி அந்தப் பக்கமே போகலைன்னு அர்த்தம், ட்யூப் அடைச்சுக் கிடக்கு.

ரேடியேட்டரைக் கழட்டி நாமக்கல்ல ஒரு ரேடியேட்டர் வேலை செய்யற அண்ணன்கிட்ட கொண்டு போனேன். பழைய செம்பு பித்தளை ரேடியேட்டர்ங்கறதால ஈயத்தை உருக்கி மேல் டேங்கைத் தனியா எடுத்துட்டாரு. உள்ள பார்த்தா சுடுதண்ணி அண்டா அடியில உப்புக் கட்டி நிக்குமே, அதே மாதிரி வெள்ளையா தடியா ட்யூப் வாய் எல்லாம் மூடிக் கிடக்கு. ஒரு மக்கு தண்ணியை மேல ஊத்திக் காட்டுனாரு, சர்ருனு எறங்க வேண்டியது குளம் மாதிரி அப்படியே நின்னுச்சுங்க. இருபது வருஷமா எங்க தோட்டத்து போர் தண்ணியத்தான் ஊத்திட்டு இருந்தோம், சோறு வடிச்சா கூட பானையில வெள்ளை படியற தண்ணி அது, அப்ப வண்டி என்ன பாடு பட்டிருக்கும்! மெல்லிசான ராடை ஒவ்வொரு ட்யூப்லயும் விட்டு விட்டு எடுத்தாரு, ஒரு நாள் முழுக்க ஆச்சு. வெளிப்பக்கம் ரெக்கையில அடைஞ்சிருந்த மண்ணையும் வைக்கோலையும் எஞ்சின் பக்கத்துல இருந்து முன்னாடி தள்ளற மாதிரி தண்ணி அடிச்சு எடுத்தோம்.

மாட்டிட்டு மறுபடியும் திம்பம் போனேன். முன்னைக்கு எவ்வளவோ பரவாயில்ல, ஆனாலும் இருபதாவது வளைவுக்கு மேல முள்ளு ஏறத்தான் செஞ்சுது. அங்கதான் தெர்மோஸ்டாட் மேல, அதாவது சூட்டைப் பொறுத்து தண்ணி வழியைத் திறந்து மூடற வால்வு மேல, சந்தேகம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து ஹவுசிங்கைக் கழட்டுனா உள்ள ஒண்ணுமே இல்ல, காலி! அப்பாகிட்ட கேட்டேன், "ஒரு கோடையில சூடாகுதுன்னு வழியில ஒரு மெக்கானிக் அது வேண்டாத சாமான்னு கழட்டிப் போட்டுட்டாரு கண்ணு, நானும் சரின்னு விட்டுட்டேன்" அப்படின்னாரு.

நம்ம பக்கம் இதை நிறைய பேர் பண்றாங்க, அதான் விளக்கமா சொல்றேன். என் வண்டி மாதிரி பைபாஸ் (ரேடியேட்டருக்குப் போகாம தண்ணி பம்புக்கே திரும்பற குறுக்கு வழி) இருக்கற எஞ்சின்ல தெர்மோஸ்டாட்டுக்கு ரெண்டு வேலை. சூடு வந்ததும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே நேரம் கீழ இருக்கற தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்ப பம்புக்கே போயிடும். எஞ்சின் குளிரட்டும்னு கழட்டுனது சூட்டுக்கே காரணமாயிடுது. காலையில எஞ்சின் பதமான சூட்டுக்கு வராம டீசலும் ஜாஸ்தி குடிக்கும்.

புதுசு ஒண்ணு வாங்கி, மாட்டறதுக்கு முன்னாடி பாத்திரத்துல நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்புல வச்சேன். பால் சொசைட்டியில வேலை செய்யற சித்தப்பா பையன் தெர்மாமீட்டர் குடுத்தான். மேல 82ன்னு அடிச்சிருந்துச்சு, 81 தாண்டும்போது வால்வு முடி அளவு இடைவெளி விட்டுச்சு, கொதி வர்றதுக்குள்ள முழுசா திறந்துடுச்சு. அதைப் பார்க்கறப்ப எனக்கு அவ்வளவு சந்தோசம்.

கூடவே ரேடியேட்டர் மூடியும் மாத்துனேன், பழசுல ரப்பர் வெடிச்சிருந்துச்சு. மூடி 1 பார் அழுத்தம் பிடிச்சா வெறும் தண்ணி கூட 120 டிகிரி வரைக்கும் கொதிக்காது, பிடிக்கலைன்னா 100லயே கொதிக்கும், மலை மேல அதுக்கும் முன்னாடியே கொதிக்கும். கீழ் ஹோஸையும் மாத்தியாச்சு, உள்ள ஸ்பிரிங் இருக்கறதா பார்த்து வாங்குங்க, இல்லைன்னா பம்பு இழுக்கற இழுப்புல ஹோஸ் சப்பையாகி தண்ணி ஓட்டம் நின்னுடும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, போர் தண்ணியை இனி வண்டி பக்கமே கொண்டு போறதில்ல.

போன வாரம் அதே 180 மூட்டை, அதே ஏத்தம். 27 வளைவும் நிக்காம ஏறுனேன், முள்ளு நடுவுல இருந்து கொஞ்சம் ஏறுச்சு, அதோட நின்னுக்கிச்சு. மேல போயி நிறுத்தி கன்னை அடிச்சா மேல் டேங்க் 89. அப்பாவுக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன். ஃபேனைச் சுத்தி இருக்கற கவுல்ங்கற கூடு கீழ்ப்பக்கம் ஒரு கை அகலத்துக்கு உடைஞ்சு கிடக்கு, அது வழியா காத்து வீணாப் போகுது, அடுத்த லோடுக்கு முன்னாடி அதையும் மாத்திடணும்.