வண்டிப்பாதையை மீட்க மனு மட்டும் போதாது

'எங்க ஊர் வண்டிப்பாதையை அடைச்சுட்டாங்க' என்று குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தால், அது சுற்றிச் சுற்றி அதே வி.ஏ.ஓ. மேசைக்குத்தான் வரும். 'சர்வே எண் குறிப்பிடவில்லை' என்று ஒரு வரி, கதை முடிந்தது. எங்கள் முதல் மனு அப்படித்தான் போனது.

முதலில் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு அது. வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்திலேயே கிடைக்கும். பாதைக்குத் தனி எண்ணும், எதிரே 'புறம்போக்கு, வண்டிப்பாதை' என்றும் இருந்தால் தாசில்தாரிடம் போகலாம். அப்படி இல்லாமல் புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம், எஃப்.எம்.பி.) பட்டா நிலத்துக்குள் புள்ளிக்கோடாக மட்டும் ஓடினால், 'சிவில் கோர்ட்டுக்குப் போங்க' என்பார்கள். அங்கே 20 ஆண்டு தடையில்லாமல் நடந்த வழக்கத்தை நிரூபிக்க வேண்டும். பலர் தோற்பது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான். பழைய பத்திரத்தில் யூ.டி.ஆருக்கு (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய சர்வே எண் இருக்கும். அதைப் பதிவேட்டின் பழைய எண் பத்தியோடு ஒத்துப்பாருங்கள்.

தாலுகாவில் ஆவணம் தர இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். 30 நாள் கெடு. கிராம சபைத் தீர்மானத்திலும் சர்வே எண், பரப்பு, புலப்பட அகலம் மூன்றும் ஏற வேண்டும். 'பாதையை மீட்க வேண்டும்' என்ற தீர்மானம் வெறும் காகிதம்.

அளக்க வரும் நாள்தான் முக்கியம். சர்வேயர் எல்லைக் கல்லிலிருந்துதான் சங்கிலி பிடிப்பார். கல்லைப் பிடுங்கிப் போட்டிருந்தாலோ, சீமைக்கருவேலத்துக்குள் மறைந்திருந்தாலோ 'அத்து (எல்லை) காட்ட முடியலை' என்று கிளம்பிவிடுவார். முதல் நாளே புதரை வெட்டி, பக்கத்துப் புலங்களின் கற்களையும் தேடி வையுங்கள். படத்தில் 6 மீட்டர், தரையில் 2 மீட்டர் என்றால் எந்தப் பக்கம் எவ்வளவு என்று அறிக்கையில் எழுத வையுங்கள்.

பிறகு வி.ஏ.ஓ. பி மெமோ (ஆக்கிரமிப்பைப் பதிந்து அபராதம் போடும் படிவம்) போடுவார். அபராத ரசீதைக் காட்டி 'நான் அரசுக்குப் பணம் கட்டுறேன், நிலம் என்னுது' என்பார் ஆக்கிரமிப்பாளர். அசர வேண்டாம், அது ஆக்கிரமிப்பை அவரே ஒப்புக்கொண்ட சீட்டு. அடுத்து 1905 ஆக்கிரமிப்புச் சட்டப்படி விளக்கம் கேட்கும் 7-ஆம் பிரிவு நோட்டீஸ், அதன் பிறகே வெளியேற்றும் 6-ஆம் பிரிவு உத்தரவு. (எண் தலைகீழாகத்தான் வரும்.) நோட்டீஸ் கொடுக்காமலே ஜேசிபி வந்தால் நமக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஐகோர்ட்டில் அது நிற்காது.

வேலி அகன்றதும் கல் நட்டு, பஞ்சாயத்தில் சொல்லி ஆடி உழவுக்கு முன்பே கிராவல் அடித்துவிடுங்கள். வெறும் மண்ணாக விட்டால் உழவுக்கு ஒரு சால் வீதம் பாதை மறுபடி உள்ளே போகும்.