சரக்கொன்றை முதல் சரம் விட்டது

விதையிலிருந்து வளர்த்த சரக்கொன்றை இந்தக் கோடையில் முதன்முறையாகப் பூத்திருக்கிறது. கிளை நுனிகளில் சில சரங்கள்தான். மரம் முழுக்க மஞ்சளாகத் தொங்குவதற்கு இன்னும் சில கோடைகள் பொறுக்க வேண்டும். இதுவரை செய்தவற்றை எழுதிவைக்கிறேன்.

கொன்றையில் வேலை வாங்குவது விதைதான். முற்றிக் கறுத்த நெற்று 30 முதல் 60 செ.மீ. நீளம் இருக்கும். உடைத்தால் உள்ளே குறுக்குத் தடுப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வோர் அறையிலும் கரிய பிசினுக்குள் ஒரு விதை. கழுவி எடுத்தால் பளபளப்பான பழுப்பு நிறம். அந்தப் பளபளப்புத்தான் சிக்கல்: விதையுறை தண்ணீரை உள்ளே விடாது, சும்மா ஊறவைத்தால் நாள் கணக்கில் அப்படியே கிடக்கும். விதையின் ஓர் ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளிருக்கும் வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்தினேன். காம்பு ஒட்டியிருந்த முனையில்தான் முளை இருக்கிறது. அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது. இரவு முழுக்க ஊறியபின் பெரும்பாலானவை உப்பிவிட்டன. உப்பாதவற்றை மறுபடி தேய்த்தேன். கொதிநீர் ஊற்றும் முறையும் உண்டு. ஆனால் எந்த விதை திறந்தது, எது வெந்தது என்று அதில் தெரிவதில்லை. எனக்கு உப்புத்தாள்தான் சரிப்பட்டது.

ஆணிவேர் வேகமாக இறங்கும் மரம் என்பதால் உயரமான, குறுகலான பைகளில் விதைத்தேன். வேர் அடியில் சுருளத் தொடங்குவதற்கு முன்பே தரைக்கு மாற்றிவிட வேண்டும்.

அவரைக் குடும்பம் என்பதால் தழைச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நடும்போது வேரை அலசிப் பாருங்கள். காற்றிலுள்ள தழைச்சத்தைப் (நைட்ரஜனை) பிடித்துத் தரும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் முடிச்சு எதுவும் இருக்காது. சரக்கொன்றை வேர்முடிச்சு உண்டாக்கும் இனம் இல்லை. ஆகவே குழியில் மட்கிய தொழு உரம் போட்டேன். முதல் சில ஆண்டுகள் மூடாக்கும் (ஈரம் காக்க மண்மேல் பரப்பும் சருகு) கோடைத் தண்ணீரும் கொடுத்தேன். மரம் வேர்பிடித்து நின்றதும் இரண்டையும் குறைத்துக்கொண்டேன். ஊட்டம் மிஞ்சினால் இலைதான் செழிக்கும். முழு வெயிலும் கொஞ்சம் வறட்சியும்தான் அதற்குப் பிடித்தவை.

தளிர் விடும் காலத்தில் வெளிர்பச்சைப் புழுக்கள் வந்தன. வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் இளந்தளிரில் ஒவ்வொன்றாக இட்டுச் சென்ற முட்டைகளின் விளைவு. கன்று சின்னதாக இருந்தபோது கையால் பொறுக்கி எடுத்தேன். இப்போது கண்டுகொள்வதில்லை. மொட்டையாக்கிய கிளையும் மறுபடி தளிர்த்துவிடுகிறது. இதற்கெல்லாம் மருந்து தெளிப்பது வீண்.

கவாத்துதான், அதாவது கிளைகளைக் கழித்துவிடுவதுதான், மரத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. கொன்றை தாழ்விலேயே கிளைவிட்டுப் பக்கவாட்டில் சாயும். உச்சியில் சமபலமுள்ள இரண்டு தண்டுகள் கிளம்பினால் பிற்பாடு கவையில் பிளக்கும். அதனால் ஒன்றை மட்டும் விட்டு மற்றதன் நுனியைக் கிள்ளிவிட்டேன். கீழ்க்கிளைகளை ஒரேயடியாகக் கழிக்கவில்லை. அவை இருக்கும்வரைதான் அடிமரம் பருக்கும். ஆண்டுக்குக் கொஞ்சமாக, பூ முடிந்தபின் எடுக்கிறேன்.

நிழல் பற்றி ஒரு வார்த்தை. கொன்றை இலையை உதிர்ப்பது கோடைக்கு முன்னால். புது இலை நிறைவது பூவோடும் பூவுக்குப் பின்பும். வெயில் உச்சத்தில் அடர்நிழல் வேண்டுமென்றால் புங்கம் வையுங்கள். கொன்றை தருவது சல்லடை நிழல். அடியில் மற்ற செடிகள் வளர அது போதும்.

சரத்தை அருகிலிருந்து பார்த்தேன். மேலேயிருந்து கீழாக மலர்கிறது. நுனியில் இன்னும் உருண்டை மொட்டுகள். ஐந்து இதழ், பத்து மகரந்தத்தாள்களில் மூன்று மட்டும் நீண்டு வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. கரிய தச்சுத் தேனீ ஒன்று பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரவைத்தது. இறகோசை சட்டென்று உச்சத்துக்கு ஏறியது, மகரந்தத்தூள் அதன் வயிற்றில் கொட்டியது.

காய் பிடித்தால் முற்ற மாதக்கணக்கில் ஆகும். அவ்வளவு நாள் இளங்கிளை கனம் தாங்க வேண்டாம் என்று ஒன்றிரண்டை மட்டும் விதைக்கு விட்டு, மற்றவற்றைப் பிஞ்சிலேயே நறுக்கிவிடப் போகிறேன்.